வசம்பு: ஒரே பெயரில் மூன்று செடிகள்

பிறந்த குழந்தையின் வயிற்று உப்புசத்துக்குக் கல்லில் உரைத்துப் புகட்டப்படும் வசம்பும், குதிரில் இருக்கும் நெல்லை அந்துப்பூச்சி அண்டாமல் காக்கப் போட்டு வைக்கப்படும் வசம்பும், ஓலைச்சுவடிகளைப் பூச்சி அரிக்காதபடி துணியில் முடிந்து பேழைக்குள் வைக்கப்படும் வசம்பும் ஒன்றே. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளைக் காக்கப் பயன்பட்டுவரும் பொடியில் கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் ஆகியவற்றோடு வசம்பும் சேர்கிறது. பூச்சிக்கு ஆகாத ஒரு பொருள் பச்சைக் குழந்தைக்கு எப்படி ஆகும் என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழ வேண்டும். ஆனால் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று செல்லமாக அழைக்கப்பட்டு, தலைமுறைகளாகக் கைமாறி வந்த பொருளாகையால் அந்தக் கேள்வி பெரும்பாலான வீடுகளில் எழுந்ததே இல்லை. இன்னொரு புதிரும் இதனோடு சேர்கிறது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான கிரீ, ஒஜிப்வே மக்கள் நெடுங்காலமாக இக்கிழங்கைத் தொண்டைக் கரகரப்புக்கு மென்று வந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் கசப்பு மதுவகைகளுக்கு மணமூட்ட இதைச் சேர்த்தார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமோ 1968-ஆம் ஆண்டில் இதையும் இதன் எண்ணெயையும் உணவில் சேர்க்கக் கூடாத பொருள்களின் பட்டியலில் வைத்தது. ஒரே கிழங்கைப் பற்றி இத்தனை வேறுபட்ட முடிவுகள் எப்படி வந்தன என்பதற்கான விடை, அந்தச் செடியின் செல்லுக்குள் இருக்கிறது.

வசம்பு சேற்றிலும் நீரோரத்திலும் வளரும் செடி. வாள்போல் நீண்ட இலைகள் தரையை ஒட்டி எழும்; தரைக்கடியில் விரல் பருமனுள்ள தண்டு கிடைமட்டமாகக் கணுக்கணுவாக ஓடும். கடையில் ‘வேர்’ என்றும் ‘கிழங்கு’ என்றும் விற்கப்படுவது உண்மையில் இந்தத் தண்டுதான். தாவரவியலில் இதை மட்டநிலத்தண்டு என்பர், இஞ்சியும் மஞ்சளும் இவ்வகையே. அகோரஸ் கலாமஸ் என்பது இதன் தாவரவியல் பெயர். நெடுங்காலம் இதைச் சேம்பின் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 1990-களில் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நெல், தென்னை, வாழை, பனை உள்ளிட்ட ஒருவித்திலைத் தாவரங்களின் மரபு மரத்தில் எல்லாவற்றுக்கும் முன்பே பிரிந்து தனித்து நின்ற கிளை இது என்று தெரியவந்தது. அவ்வளவு தொன்மையான தாவர வழி ஒன்றின் எஞ்சிய உறுப்பினர் நாட்டுமருந்துக் கடையின் சாக்குப்பையில் கிடக்கிறது என்பது வியப்புக்குரிய செய்தியே.

உயிரினங்களின் மரபுச் செய்தி குரோமோசோம்கள் என்ற இழைகளில் பொதிந்திருக்கிறது. மனிதர் உட்பட மிகுதியான உயிர்களில் இவை இணை இணையாக, அதாவது தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாக இருக்கின்றன. இந்நிலைக்கு இருமயம் என்று பெயர். தாவரங்களில் இத்தொகுதிகள் மூன்றாகவோ நான்காகவோ பெருகி நிற்பதும் உண்டு. அவற்றை மும்மயம், நான்மயம் என்பர். வசம்பின் ஒரு தொகுதியில் 12 குரோமோசோம்கள் உள்ளன. வளரும் வேரின் நுனியைக் கிள்ளி, செல்கள் பிளவுறும் நிலையிலேயே அவற்றை நிலைநிறுத்தி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டுக்கு நடுவே நசுக்கி நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால், வட அமெரிக்காவிலும் சைபீரியாவிலும் வளரும் வசம்பில் 24 இழைகளும், ஐரோப்பாவிலும் இமயமலைச் சரிவின் குளிர்ந்த பகுதிகளிலும் வளர்வதில் 36 இழைகளும், இந்தியாவின் சமவெளிகளிலும் கிழக்காசியாவிலும் வளர்வதில் 48 இழைகளும் தெரிகின்றன. இவற்றுள் மும்மயச் செடி விதை தருவதில்லை. மூன்று தொகுதிகளைச் சமமாக இரண்டாகப் பங்கிட முடியாததால் மகரந்தமும் சூலும் செம்மையாக உருவாவதில்லை. கரோலஸ் குளூசியஸ் என்ற தாவரவியலாளர் துருக்கியிலிருந்து வந்த தண்டை 1574-இல் வியன்னாவில் நட்டு வளர்த்தார் என்பது வரலாறு. ஐரோப்பிய நீர்நிலைகளில் வசம்பு பரவியது விதையால் அன்று, மனிதர் கையாலும் நீரோட்டத்தாலும் சென்று சேர்ந்த தண்டுத் துண்டுகளாலேயே.

இழைகளின் எண்ணிக்கை கூடும்போது செடியின் வேதியியலும் மாறுகிறது என்பதே இங்கே முதன்மையானது. காய்ந்த வசம்பில் நூற்றுக்கு 2 முதல் 6 பங்கு வரை, நீராவியோடு எழுந்து வரக்கூடிய மணமுள்ள எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெயின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தபோது, பீட்டா அசரோன் என்ற ஒரு சேர்மம் இருமயச் செடியில் அறவே இல்லை என்றும், மும்மயச் செடியின் எண்ணெயில் நூற்றுக்குப் பத்தையொட்டிய அளவில் உள்ளது என்றும், நான்மயச் செடியின் எண்ணெயில் பெரும்பகுதியே அதுதான் என்றும் தெரிந்தது. இந்திய எண்ணெய்களில் அது 70 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம், சிலவற்றில் 90 விழுக்காட்டையும் எட்டுகிறது. கிரீ மக்கள் மென்ற கிழங்கும், தமிழ்நாட்டில் உரைக்கப்படும் கிழங்கும் பார்வைக்கும் மணத்துக்கும் உறவினர். உள்ளே இருக்கும் சரக்கில் அவை வேறு வேறு. இதனாலேயே அமெரிக்க இருமயச் செடியைத் தனி இனமாகவே கொள்ளும் தாவரவியலாளரும் உளர்.

அசரோன் சமையலறைக்கு அந்நியமான குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கிராம்பின் காரமான மணத்துக்குக் காரணமான யூஜினால், சோம்பின் இனிப்பு மணத்தைத் தரும் அனெத்தோல், ஜாதிக்காயின் மிரிஸ்டிசின் ஆகிய யாவும் அதே அடிப்படை அமைப்பை உடையவை: ஆறு கரிம அணுக்கள் கொண்ட ஒரு வளையம், அதிலிருந்து நீளும் மூன்று கரிம அணுக்கள் கொண்ட ஒரு வால், வளையத்தைச் சுற்றிச் சில ஆக்சிஜன் கூறுகள். இந்தக் குடும்பத்தில் சிறு மாற்றமும் பெரிய விளைவைத் தரும். யூஜினாலின் வளையத்தில் இருக்கும் ஒரு ஹைட்ராக்சில் கூறைப் பிடித்துக்கொண்டு உடல் அதை விரைவில் வெளியேற்றிவிடுகிறது. அதற்கு மிக நெருங்கிய உறவான சாஃப்ரோலில் அந்தப் பிடிமானம் இல்லை, அது எலிகளின் கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்குவதைக் கண்டு 1960-இல் அமெரிக்கா அதை உணவிலிருந்து விலக்கியது. அசரோனிலும் இரு மாற்றியங்கள் உண்டு. அதாவது, அணுக்களின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாகவே இருக்க, வால் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்பதில் மட்டும் வேறுபடும் இரு வடிவங்கள். அவற்றுள் ஒன்று ஆல்ஃபா, மற்றது பீட்டா.

பூச்சியிடம் இது செய்யும் வேலையை ஜம்முவிலிருந்த மண்டல ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர் பி. பி. சக்சேனாவும் உடன் உழைத்தவர்களும் ஆராய்ந்து, 1977-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பீட்டா அசரோன் பெண் பூச்சிகளின் சூலகத்தில் முட்டை வளர்ச்சியைத் தடுத்து அவற்றை மலடாக்குகிறது என்பது அவர்கள் கண்டது. நெற்குதிரிலும் சுவடிப் பேழையிலும் வசம்பு போட்ட முன்னோரின் அறிவு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இது சான்று: பூச்சியை அப்போதைக்கு விரட்டுவதோடு நில்லாமல் அதன் அடுத்த தலைமுறையையும் தடுக்கும் பொருளை அவர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். அதே சான்று, அந்தப் பொருளை உயிருள்ள உடலுக்குள் அனுப்புமுன் தயங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

அந்தத் தயக்கத்துக்கு வலுவான அடிப்படை 1967-இல் கிடைத்தது. சந்தையில் ‘ஜம்மு வகை’ என்று விற்கப்பட்ட வசம்பு எண்ணெயை அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் தீவனத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு முதல் 5000 பங்கு வரை வெவ்வேறு அளவுகளில் கலந்து நீண்டகாலம் கொடுத்தார்கள். எண்ணெய் உண்ட எலிகளின் வளர்ச்சி குன்றியது. அவற்றின் முன்சிறுகுடலில், எண்ணெய் உண்ணாத எலிகளிடம் காணப்படாத புற்றுக் கட்டிகள் தோன்றின. அடுத்த ஆண்டு வந்த தடைக்கு இந்த ஆய்வே காரணம். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் இணையர் வழிநடத்திய குழு 1987-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டு வழக்கத்தை எண்ணும்போது இன்னும் நெருக்கமாகத் தைக்கிறது: தாய்ப்பால் மறவாத சுண்டெலிக் குட்டிகளுக்கு இக்குடும்பத்துச் சேர்மங்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்ததில், அசரோனின் இரு வடிவங்களும் பின்னாளில் கல்லீரல் கட்டிகளை உண்டாக்கின.

இது எப்படி நிகழ்கிறது என்பதை அண்மைய ஆய்வுகள் படிப்படியாகத் தெளிவாக்கியுள்ளன. உடலுக்குள் வரும் அயல்பொருளைக் கரைத்து வெளியேற்றுவது கல்லீரல் நொதிகளின் பணி. பீட்டா அசரோனின் வாலில் உள்ள இரட்டைப் பிணைப்பின்மீது அந்நொதிகள் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றும்போது, எபாக்சைடு என்ற, இறுகி நெளிந்த, எதனோடாவது சேரத் துடிக்கும் வடிவம் உண்டாகிறது. அதன் பெரும்பகுதி நீரோடு சேர்ந்து அடங்கிவிடும். எஞ்சிய சிறு பகுதி டி.என்.ஏ. என்ற மரபிழையில் போய் ஒட்டிக்கொள்கிறது. தறியில் பாவு நூலின்மேல் ஒரு பசைத் துளி காய்ந்து ஒட்டியிருந்தால், நாடா அந்த இடத்தைக் கடக்கும்போது ஊடை தவறி விழுவதும், அந்தத் தவறு சேலையின் எஞ்சிய நீளத்தில் தங்கிவிடுவதும் நெசவாளருக்குத் தெரியும். செல் பிளவுறுவதற்காக மரபிழை படியெடுக்கப்படும்போது நேர்வதும் இதுவே. பிளவுறும் முன்னர்ப் பசையை அகற்றும் பழுதுபார்ப்பு நொதிகள் செல்லில் உண்டு என்றாலும், செல்கள் விரைந்து பெருகும் வளர்பருவத்தில் அதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. மனிதக் கல்லீரலிலிருந்து எடுத்த நொதிகளும் இதே எபாக்சைடை உண்டாக்குகின்றன என்று சோதனைக்குழாயில் காட்டப்பட்டிருப்பதால், எலிக்கு நேர்வது எலிக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆயினும் எலிக்குக் கொடுத்த அளவு பெரியது, குழந்தையின் நாக்கில் தடவுவது சிறியது என்ற மறுப்பு நியாயமானது. அதை எடைபோடாமல் விட்டால் கட்டுரை அச்சுறுத்தலாகவே முடியும். பெரும்பாலான நச்சுகளுக்கு, இந்த அளவுக்குக் கீழே கேடில்லை என்று சொல்லத்தக்க ஓர் எல்லை உண்டு. மரபிழையில் நேரடியாக ஒட்டும் பொருள்களுக்கு அத்தகைய எல்லையை உறுதியாக வகுக்க முடிவதில்லை. அளவு குறையக் குறைய வாய்ப்பும் குறைகிறது, சுழியாவதில்லை என்று கொள்வதே நச்சியலாளரின் நெறி. ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குழு 2005-இல், மூலிகை மருந்துகள் வழியாக ஒருவர் நாளொன்றுக்கு ஏற்கும் அசரோன் ஏறத்தாழ 115 மைக்ரோகிராம், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் வரை இருப்பதைத் தற்காலிகமாகப் பொறுக்கலாம் என்று கூறியது. 2008-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமோ நான்மய வசம்பிலிருந்து உணவுக்கு மணமூட்டிகள் செய்வதையே விலக்கிவிட்டு, மதுவகைகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பீட்டா அசரோன் இருக்கக் கூடாது என்று வரம்பிட்டது.

இந்த எண்களை நாட்டுமருந்துக் கடை வசம்போடு பொருத்திப் பார்க்கலாம். எண்ணெய் 3 விழுக்காடும், அதில் பீட்டா அசரோன் 80 விழுக்காடும் உள்ள நடுத்தரமான நான்மயக் கிழங்கு என்று வைத்துக்கொண்டால், அதன் 1 கிராமில் 24 மில்லிகிராம் பீட்டா அசரோன் இருக்கும். 4 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மேற்சொன்ன ஐரோப்பிய அளவின்படி வரும் 8 மைக்ரோகிராம், அக்கிழங்கின் மூன்றில் ஒரு மில்லிகிராமிலேயே அடங்கிவிடுகிறது. கல்லில் நான்கு முறை இழைத்தால் வரும் விழுதில் இதைவிடப் பன்மடங்கு கிழங்கு சேர்ந்திருக்கும். அந்த ஐரோப்பிய அளவு கைக்குழந்தைகளை எண்ணி வகுக்கப்பட்டதன்று. அதைத் தாண்டினால் நோய் வந்தே தீரும் என்பதும் அதன் பொருளன்று. ஆனால் ‘கொஞ்சம்தானே’ என்ற சொல்லுக்கு இந்தக் கிழங்கைப் பொறுத்தவரை ஆறுதல் தரும் ஆற்றல் மிகக் குறைவு என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அண்மைக் காலத்தில் பரவியுள்ள வசம்பு வளையல், அதாவது கிழங்கை வட்ட வில்லைகளாக நறுக்கிக் கருமணியோடு கோத்துக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் வழக்கம், இன்னும் கவலைக்குரியது. கையை ஓயாமல் வாயில் வைத்துச் சூப்பும் வயதில் அது நாள் முழுவதும் வழங்கப்படும் அளவற்ற மருந்தாகிவிடுகிறது, கோத்த நூல் அறுந்தால் மணியும் வில்லையும் தொண்டையில் அடைக்கும் இடரும் உண்டு.

மரபு மருத்துவம் இந்தக் கிழங்கின் கடுமையை அறியாமல் இருந்ததில்லை. நஞ்சு நீக்கிப் பயன்படுத்தும் செயலைச் சித்த மருத்துவம் சுத்தி என்கிறது. வசம்பைச் சுட்டுக் கரியாக்கிப் பயன்படுத்தச் சொல்வது அதன் ஒரு வகை, ஆயுர்வேதத்தில் வேகவைத்தும் ஆவியில் காட்டியும் எடுக்கும் முறைகள் உள்ளன. அசரோன் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால் இம்முறைகள் அதைக் குறைக்கும் என்பது வேதியியலோடு ஒத்துப்போகிறது; காரணம் அறியாமலேயே அனுபவத்தால் கண்டடைந்த நல்வழி இது. இடர் இருப்பது வீட்டில் அது செய்யப்படும் விதத்தில். கிழங்கை விளக்கெண்ணெயில் தோய்த்து அகல்விளக்கின் சுடரில் காட்டும்போது மேல்தோல் கருகி மணம் எழுந்ததுமே ‘சுட்டாயிற்று’ என்று எடுத்துவிடுகிறார்கள். குறுக்கே முறித்துப் பார்த்தால் கரிய வளையத்துக்குள் வெளிறிய சதை அப்படியே இருக்கும். தாய்ப்பால் விட்டுக் கல்லில் உரைக்கும்போது, ஓரிரு நாளில் கரி தேய்ந்து, அந்தச் சதையே விழுதாக வருகிறது.

பயனே இல்லாத ஒன்றையா இத்தனை தலைமுறைகள் கொடுத்து வந்தன என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். முயலின் சிறுகுடல் துண்டை உப்புநீரில் தொங்கவிட்டு, அது தானாகச் சுருங்கி விரிவதைப் பதிவு செய்யும் சோதனையில், வசம்புச் சாறு பட்டதும் அந்தச் சுருக்கம் தளர்கிறது என்று 2006-இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வு ஒன்று காட்டியது. செல்லுக்குள் கால்சியம் நுழையும் வழியை அது அடைப்பதே காரணம். சுண்டெலிகளிடம் வசம்பின் கூறுகள் மயக்க மருந்தின் உறக்கத்தை நீட்டிக்கின்றன என்பதை இந்திய மருந்தியலாளர்கள் 1960-களை ஒட்டியே கண்டிருக்கிறார்கள். வீறிட்டழும் குழந்தை வசம்பு கொடுத்ததும் அடங்கி உறங்கியது என்று பாட்டிமார் சொல்வது கற்பனையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் குடல் தளர்ந்ததும் உறக்கம் வந்ததும் நோய் நீங்கியதற்கு அடையாளமாகிவிடா. நரம்பு மண்டலத்தை மந்தப்படுத்தும் பொருள் எதுவும் அழுகையை அடக்கும், அந்த மந்தம் கைக்குழந்தைக்கு நன்மையன்று. பெரியவர்களே அளவு மீறி உண்டபோது என்ன ஆகும் என்பதை, போதை தரும் என்று நம்பி வசம்பைத் தின்று மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பற்றிய சுவீடன் நாட்டுப் பதிவுகள் சொல்கின்றன: போதை வரவில்லை, மணிக்கணக்கில் நிற்காத வாந்தி வந்தது.

மேலும், குழந்தைகளின் காரணம் தெரியாத அழுகைக்கு அதற்கே உரிய ஒரு கால ஓட்டம் உண்டு. அது பிறந்த சில வாரங்களில் தொடங்கி, ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதங்களில் மருந்தேதும் இல்லாமலே ஓய்ந்துவிடுகிறது. உச்சத்தில் இருக்கும்போதுதான் எந்த வீட்டிலும் மருந்தைத் தேடுவார்கள். உச்சத்துக்குப் பின் வருவது இறக்கம் மட்டுமே என்பதால், அப்போது எதைக் கொடுத்திருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். ஒரே வயதுக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறு பிரிவுக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுத்து, எது யாருக்கு என்பதை அளப்பவருக்கும் மறைத்து ஒப்பிடும் முறை மருத்துவத்தில் வேரூன்றியது இந்தக் கண்மயக்கத்தைத் தவிர்ப்பதற்காகவே. முப்பது ஆண்டுகள் கழித்துத் தோன்றக்கூடிய கேட்டை அறிவது இதைவிடக் கடினம். குழந்தைப் பருவத்து உரைமருந்தையும் நடுவயதுக் கல்லீரல் நோயையும் இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு எந்தப் பாட்டிக்கும் இருந்ததில்லை. அனுபவ அறிவு உடனே தெரியும் விளைவுகளில் வல்லது, தாமதமாக வரும் விளைவுகளில் அதன் பார்வை எட்டாது. வசம்பின் வரலாறு இந்த இரண்டுக்கும் சேர்த்தே எடுத்துக்காட்டு.

ஆகவே, தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் வசம்பைக் கைக்குழந்தைக்கு வாய்வழி கொடுப்பதற்கு இன்றைய அறிவின்படி நியாயம் இல்லை. கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் இதை உட்கொள்ளாமல் இருப்பதே தகும். பெரியவர்கள் தாமாகவே நாள்தோறும் உண்பதும் தகாது. அமெரிக்காவிலோ சைபீரியாவிலோ ஒருவர் இதை மென்று நலமாக இருந்தார் என்ற செய்தி இங்கே செல்லாது, அவருடைய கையில் இருந்தது 24 இழைச் செடி. காய்ந்த துண்டில் குரோமோசோமை எண்ண இயலாவிட்டாலும், வாயு வண்ணப்படிவு முறையால் எண்ணெயின் கூறுகளைப் பிரித்துப் பீட்டா அசரோனின் அளவைச் சொல்லிவிட ஆய்வுக்கூடங்களால் முடியும். வசம்பு சேரும் ஒவ்வொரு மருந்தின் உறையிலும் அந்த எண் அச்சிடப்பட வேண்டும் என்று கேட்பது மரபு மருத்துவத்துக்கு எதிரானதாகாது, சுத்தி என்ற அதன் சொந்தக் கொள்கையின் தொடர்ச்சியே ஆகும். விதைநெல்லுக்கும் சுவடிக்கும் வசம்பு செய்துவரும் காவல் இதனால் ஒரு துளியும் குறைவதில்லை.

குழந்தை அழும் வீட்டில் செய்யக்கூடியவை வேறு உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்வதும், தேங்காய் எண்ணெய் தொட்டு வயிற்றை வலஞ்சுழியாக மெல்ல நீவுவதும், முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து அணைப்பதும் காற்று பிரிய உதவும். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தாலோ, வாந்தி பச்சை நிறத்தில் வந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வயிறு கல்போல் உப்பியிருந்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, உரைகல்லை எடுக்காமல் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.